மூலிகைப் பயிருக்கு உரம் போட்டால் எண்ணெய் கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துளசி, எலுமிச்சைப்புல், வெட்டிவேர், கண்வலிக்கிழங்கு, நித்தியகல்யாணி என்று மூலிகையும் வாசனைப் பயிரும் போடுகிறவர்கள் உர விஷயத்தில் நெல், கரும்புக் கணக்கையே இங்கேயும் கொண்டுவருகிறார்கள். அங்கே மூட்டை கூடினால் வருமானம் கூடும். இங்கே இலை கூடியும் கையில் காசு கூடாமல் போவது உண்டு. அதை ஒட்டி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

உரம் போட்டால் எண்ணெய் கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். ஒரே வயலில், ஒரே அறுவடையில்கூட நடக்கும். எண்ணெய் என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று கணக்குகளைப் பேசுவதால் வரும் குழப்பம் இது. 100 கிலோ இலையில் எத்தனை கிலோ எண்ணெய் என்பது ஒரு கணக்கு. ஏக்கருக்கு எத்தனை கிலோ என்பது இன்னொன்று. அந்த எண்ணெயில் விலை போகிற சரக்கு, அதாவது எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், துளசியில் யூஜினால், புதினாவில் மெந்தால், எத்தனை பங்கு என்பது மூன்றாவது.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போட்டால் பெரும்பாலான வாசனைப் பயிர்களில் இலை நன்றாகக் கூடும். இலையில் எண்ணெய்ச் சதவீதம் அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் இறங்கும். இலை கூடிய அளவுக்குச் சதவீதம் இறங்காததால் ஏக்கர் கணக்கில் எண்ணெய் கூடிவிடும். ஆனால் இதற்கு ஓர் உச்சி உண்டு. அதைத் தாண்டினால் இலை மட்டும் கூடிக்கொண்டே போகும், எண்ணெய் அதே இடத்தில் நிற்கும். அந்த இடத்துக்கு மேல் போடும் யூரியா, இலை அறுக்கும் கூலிக்கும் எண்ணெய் வடிக்கும் விறகுக்கும் தீனி போடத்தான் உதவும்.

இலையை நீராவியில் வடிக்கும் கலனில் போட்டுப் பார்த்தால் போன தடவையைவிட எண்ணெய் குறைவு. உரம்தான் காரணமா?

இலையில் தண்ணீர் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 100 கிலோ பச்சை இலையில் 75 கிலோ தண்ணீர் என்றால் காய்ந்த சரக்கு 25 கிலோ. காய்ந்த எடையில் 2% எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அரை கிலோ இறங்கும். இப்போது உரமும் பாசனமும் தாராளமாகக் கிடைத்த வயலில் அதே 100 கிலோ இலையில் தண்ணீர் 82 கிலோ. காய்ந்த சரக்கு 18 கிலோதான். அதே 2% எண்ணெய் இருந்தாலும் 360 கிராம்தான் இறங்கும். செடி எண்ணெயைக் குறைக்கவே இல்லை, தண்ணீரைக் கூட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

இதனால்தான் இரண்டு வயலை ஒப்பிடும்போது பச்சை எடையில் ஒப்பிடக் கூடாது என்கிறோம். எலுமிச்சைப்புல்லை அறுத்து ஒரு நாள் வாடவிட்டுக் கலனில் ஏற்றும் வழக்கம் இருக்கிறதே, அது இந்தத் தண்ணீரைக் குறைக்கத்தான். அதே கலனில் கூடுதல் சரக்கு கொள்ளும், நீராவியும் மிச்சம்.

எண்ணெயில் தழைச்சத்தே கிடையாது என்கிறார்கள். பிறகு எதற்கு அதைப் போட வேண்டும்?

சொல்வது உண்மைதான். சிட்ரால் என்பது 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மெந்தாலிலும் யூஜினாலிலும் இதே மூன்று தனிமங்கள்தான். கார்பன் காற்றிலிருந்து வருகிறது, ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து எதுவும் எண்ணெய்க்குள் போய் உட்கார்வதில்லை.

ஆனால் அந்தக் கார்பனைப் பிடிக்கிற பச்சையத்தில் தழைச்சத்து இருக்கிறது. எண்ணெயைக் கட்டுகிற நொதிகள் எல்லாம் புரதம், அவற்றிலும் தழைச்சத்து இருக்கிறது. மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், கதை இன்னும் சுவாரசியம். வாசனைப் பொருள்களில் பெரும்பங்கு டெர்பீன் வகை. செடி அவற்றைக் கட்டும்போது ஐந்து கார்பன் கொண்ட சின்னத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. ஒவ்வொரு துண்டின் வாலிலும் இரண்டு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். வேலை முடிந்ததும் அவை கழன்றுவிடும். அந்த இணைப்பைச் செய்யும் நொதிகளுக்கு மெக்னீசியமோ மாங்கனீசோ பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே எண்ணெயைச் சோதித்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது, ஆனால் எது குறைந்தாலும் வேலை சுணங்கும்.

எல்லா மூலிகைக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. நீங்கள் விற்கப்போகிற பொருள் எது, அதன் கட்டமைப்பில் என்ன தனிமம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் மூலிகை உர ஆலோசனை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடப்பில் பலர் பயிரின் பெயரைக் கேட்டதும் ஓர் அளவைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கண்வலிக்கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். விதைக்காகத்தான் சாகுபடி, விதையில் இருக்கும் கோல்சிசின் என்ற மருந்துப் பொருளுக்காகத்தான் விலை. கோல்சிசின் ஓர் ஆல்கலாய்டு, அதற்குள்ளேயே ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்பிளாஸ்டின் மூலக்கூறில் நான்கு நைட்ரஜன். இப்படிப்பட்ட பயிர்களில் தழைச்சத்து போட்டால் இலை, விதையோடு மருந்துப் பொருளும் சேர்ந்து கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். கண்வலிக்கிழங்குக்கு எக்டருக்குத் தழை, மணி, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120:50:75 கிலோ என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதை இந்தக் கோணத்தில் பார்த்தால் பொருள் புரியும்.

நிலவேம்பு நேர் எதிர்ப்பக்கம். அதன் கசப்பைத் தரும் ஆண்ட்ரோகிராபோலைடில் நைட்ரஜன் இல்லை. நெல்லை, தூத்துக்குடி கரிசலில் மானாவாரியாக வரும் நிலாவரையில் உள்ள சென்னோசைடும் அப்படித்தான். இவற்றில் தழைச்சத்து இலையின் எடையைத் தூக்கும், மருந்தின் அடர்த்தியை நேராகத் தூக்காது. நிலாவரை இலை கொழுகொழுவென்று வளர்ந்தால் உலர நாளாகும், நிறம் கறுக்கும், வியாபாரி விலையைக் குறைப்பார்.

மூன்றாவது கூட்டம் கந்தகக்காரர்கள். பூண்டின் காரமும் வாசனையும் கந்தகச் சேர்மங்களால் வருபவை, பூண்டை வடித்தால் கிடைக்கும் எண்ணெயும் அதேதான். கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அதன் பெயரே வாசனையை நம்பித்தான் நிற்கிறது. கந்தகம் குறைந்த மண்ணில் யூரியாவை மட்டும் கொட்டினால் பூண்டு பருக்கும், காரம் ஏறாது. அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் போட்டால் அதோடு கந்தகமும் மண்ணுக்குள் போகிறது. கந்தகம் இல்லாத டிஏபி உரத்துக்கு மாறியவர்கள் அந்தக் கந்தகத்தை இழந்ததைக் கவனிப்பதே இல்லை.

தழைச்சத்து கூடினால் மருந்துச் சத்து குறையும் என்று ஒரு கொள்கை இருக்கிறதாமே?

இருக்கிறது. 1983-ல் பிரையன்ட், சேப்பின், கிளெய்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தது. மண்ணில் தழைச்சத்து குறைந்தால் செடியின் வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் வெயிலில் கார்பன் சேர்ந்துகொண்டே இருக்கும். மிஞ்சிய அந்தக் கார்பன் ஃபீனால், டானின் போன்ற பொருள்களாகச் சேரும் என்பது கருத்து. குளிர்நாட்டு மரங்களையும், அவற்றை மேயும் விலங்குகளையும் வைத்துச் சொன்னது அது. துவர்ப்புச் சத்துக்கு ஓரளவு ஒத்துவருகிறது. வாசனை எண்ணெய்க்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை, ஏனென்றால் எண்ணெயைச் சேமிக்கச் செடிக்குத் தனிச் சுரப்பி வேண்டும். கார்பன் மிஞ்சினால் மட்டும் போதாது, அதை வைக்க இடமும் இருக்க வேண்டும்.

அந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது? கண்ணால் பார்க்க முடியுமா?

துளசி இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்து, பின்பக்கத்தைப் பத்து மடங்கு கைலென்ஸில் பாருங்கள். மயிர்களுக்கு நடுவே, இலையின் குழிகளில் மினுமினுக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். இளம் இலையில் நெருக்கமாக இருக்கும், முற்றிய இலையில் விலகி விலகி இருக்கும். உருண்டையை மூடியிருப்பது மெல்லிய தோல். விரல் பட்டாலே உடைந்துவிடும், அதனால்தான் துளசிச் செடியைத் தொட்டதும் மணக்கிறது. புதினா, கற்பூரவள்ளி, பச்சோலி எல்லாம் இதே குடும்பம், இதே அமைப்பு. எலுமிச்சைப்புல்லில் எண்ணெய் இலைக்குள் தனி உயிரணுக்களில் அடைந்திருக்கும். கசக்கினால்தான் மணம் வரும். வெட்டிவேரில் வேரின் உட்புறத்தில் இருக்கும்.

உரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? துளசி வகையில் சுரப்பிகளில் பெரும்பாலானவை இலை இளசாக இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறகு இலை விரிய விரிய அவற்றுக்கிடையே தூரம் கூடும். தழைச்சத்து மிகுந்து இலை அகலமானால் அதே சுரப்பிகள் பெரிய பரப்பில் சிதறிப்போகும், எடைக்கு எண்ணெய் குறையும். அளவாக உரம் கிடைத்த செடி இலையைப் பெரிதாக்குவதோடு புதுக் கிளையும் புது இலையும் விடும். ஒவ்வொரு புது இலையும் புதுச் சுரப்பிகளோடு வரும். ஆக, உரம் இலையின் அகலத்தில் போகிறதா, எண்ணிக்கையில் போகிறதா என்று வயலில் நின்று பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நுனி கிள்ளிவிட்ட துளசியில் எண்ணிக்கைப் பக்கம் சாயும்.

துளசிக்கு எவ்வளவு உரம்?

தொழுவுரம் போக, எக்டருக்கு 120:60:60 கிலோ என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஏக்கருக்கு ஏறக்குறைய 48:24:24. முழுவதையும் ரசாயன உரமாகவே கொடுத்தால் யூரியா 104 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 40 கிலோ வரும். தொழுவுரத்தில் வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள். யூரியாவை மூன்றாகப் பிரித்து, முதல் பங்கை அடியுரமாகவும் மற்றவற்றை அறுவடைக்கு அறுவடையாகவும் வையுங்கள். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். கோயில் மாலைக்குப் போகிற துளசியா, கலனுக்குப் போகிற துளசியா என்பதைப் பொறுத்தும் மாறும். மாலைக்கு நீளமான தண்டும் பச்சை நிறமும் போதும், அங்கே யாரும் யூஜினாலை அளப்பதில்லை.

தொழுவுரம் மட்டும் போட்டால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். ஏக்கருக்கு 4 டன் போட்டால் 20 கிலோ. அதிலும் முதல் ஆண்டில் பயிர் எடுப்பது ஒரு பகுதிதான், மீதி அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு. வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5% தழைச்சத்து, 200 கிலோ போட்டால் 10 கிலோ. கடலைப் புண்ணாக்கு 7%, ஆனால் அதன் விலைக்கு மாட்டுக்குப் போடுவதே மேல். மண்புழு உரம் தொழுவுரத்தைவிடச் சத்து கூடியது, அளவு கிடைப்பதுதான் பிரச்சினை.

இப்படிச் சேர்த்து முழுக்க இயற்கை முறையில் போகலாம், போகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டு இலை குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இயற்கைச் சான்றிதழுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வாங்குபவர் கையில் இருந்தால் அந்த இழப்பைத் தாங்கலாம். வாங்குபவர் இல்லாமல் சான்றிதழை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

தொழுவுரத்துக்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. சத்தை மெல்ல மெல்ல விடுவதால் யூரியா போட்ட மறுவாரம் வரும் அந்தத் திடீர்க் கொழுப்பு வராது. அறுவடைக்கு அறுவடை எண்ணெய் ஓரளவு சீராக இருக்கும். பாதி எருவிலிருந்தும் பாதி ரசாயன உரத்திலிருந்தும் கொடுப்பது நம் பக்கத்து மண்ணுக்குப் பொதுவாக ஒத்துவருகிறது.

பஞ்சகவ்யம் தெளித்தால் எண்ணெய் கூடும் என்கிறார்களே?

3% கரைசல் ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் அதில் பஞ்சகவ்யம் 6 லிட்டர். தாராளமாக 1% தழைச்சத்து என்று வைத்தாலும் 60 கிராம்தான். சத்துக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. நுண்ணுயிர், வளர்ச்சி ஊக்கி என்ற வகையில் இலை தெளிவாக வரலாம். அடியுரம் போட்ட வயலில் தெளியுங்கள், அடியுரத்துக்குப் பதிலாகத் தெளிக்காதீர்கள். ஜீவாமிர்தத்துக்கும் இதே பதில்.

உயிர் உரம் போட்டால் வித்தியாசம் தெரியுமா?

வேம் எனப்படும் வேர் உட்பூசணத்துக்குத் தெரியும். வேருக்குள் புகுந்து வாழும் பூஞ்சை இது. தன் இழைகளை மண்ணில் நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்துக்கொடுக்கும், பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும். திருநீற்றுப்பச்சை வகையிலும் புதினாவிலும் செய்த ஆய்வுகளில் எண்ணெய் கூடியது பதிவாகியிருக்கிறது. சிலவற்றில் இலையின் சுரப்பி எண்ணிக்கையே கூடியிருக்கிறது. ஒரு நிபந்தனை: மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தால் பூஞ்சையைச் செடி சேர்த்துக்கொள்ளாது. ஒரு கையில் டிஏபி மூட்டை, மறுகையில் வேம் பாக்கெட் என்று போவது காசுக்குக் கேடு.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள் இரண்டையும் மக்கிய எருவில் கலந்து நிழலில் வைத்திருந்து போடுங்கள். யூரியாவோடு கலக்க வேண்டாம்.

சாம்பல்சத்து தேவையா? நம் மண்ணில்தான் நிறைய இருக்கிறதே.

கரிசல் மண்ணில் பெரும்பாலும் இருக்கிறது, மணலில் இல்லை. இலையை மட்டும் அறுக்கும் பயிர் சாம்பல்சத்தை வண்டி வண்டியாக எடுத்துச் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். வருடத்துக்கு நான்கைந்து முறை புல் அறுக்கும் வயலில் மூன்றாவது ஆண்டு இலை நுனியும் ஓரமும் கருகினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மஞ்சள், மருந்துக் கூர்க்கன் போல மண்ணுக்கடியில் விளைவதற்கு இன்னும் முக்கியம்.

எலுமிச்சைப்புல்லின் புது இலை வெளுத்து வருகிறது. யூரியா போடலாமா?

எந்த இலை வெளுக்கிறது என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்ணில் இது அடிக்கடி வரும். இரும்பு மண்ணில் இருக்கும், வேருக்குக் கிடைக்காது. அங்கே யூரியா போட்டால் நிலைமை மோசமாகும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். அடுத்த நடவுக்கு அன்னபேதியை எருவோடு ஊட்டமேற்றிப் போடலாம்.

எப்போது போடுவது?

அறுத்த உடனே. எலுமிச்சைப்புல்லில் நட்ட நான்கைந்து மாதத்தில் முதல் அறுவடை, பிறகு 60 முதல் 90 நாளுக்கு ஒரு முறை. தரையிலிருந்து 10, 15 செ.மீ. விட்டு அறுத்து, தண்ணீர் கட்டி, தழைச்சத்தின் அந்தத் தவணையை வைத்துவிட வேண்டும். துளிர் வரும் நேரத்தில் சத்து கிடைக்கும், அறுக்கும் நேரத்தில் தீர்ந்திருக்கும். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது "கொஞ்சம் பசுமையாகத் தெரியட்டும்" என்று யூரியா வீசுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். எடை ஏறும், அது பெரும்பாலும் தண்ணீர்.

எண்ணெயின் தரமும் மாறுமா?

மாறும், ஆனால் சுற்றுவழியில். உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கி பக்கம் ஊர் ஊராகப் போடும் மெந்தால் புதினா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளம் இலையில் மெந்தோன் அதிகம், இலை முற்ற முற்ற அது மெந்தாலாக மாறும். விலை மெந்தாலுக்கு. தழைச்சத்தைப் பிந்திக் கொடுத்தால் அறுவடை நேரத்தில் புதுத் துளிர் நிறைய இருக்கும், எண்ணெயில் மெந்தோன் தூக்கலாக வரும். இங்கே உரம் வேதியியலை நேராகத் தொடவில்லை. இலையின் வயதை மாற்றியது, வயது மற்றதை மாற்றியது.

தரத்தைப் பொறுத்தவரை ரகத்துக்கு முதலிடம் கொடுப்பேன், வெயிலும் அறுவடை நேரமும் அடுத்து, உரம் அதற்கும் பிறகுதான். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிருஷ்ணா ரக எலுமிச்சைப்புல் போட்டவர், பெயர் தெரியாத நாற்றைப் போட்டவரைவிட ஏற்கெனவே முன்னால் நிற்கிறார். சிட்ரால் குறைந்த நாற்றுக்கு எந்த உரம் போட்டும் சிட்ராலை வரவழைக்க முடியாது.

வறண்ட மண்ணில், காட்டில் வளர்ந்த மூலிகைக்குத்தான் வீரியம் என்று வைத்தியர்கள் சொல்வது சரியா?

அடர்த்தியைச் சொல்கிறார்கள் என்றால் பல மூலிகைகளுக்குச் சரிதான். நீரும் சத்தும் குறைந்தால் இலை சிறுத்து, தடித்து, ஒரு பிடி இலையில் மருந்து கூடுதலாக இருக்கும். வைத்தியர் பிடிக் கணக்கில் மருந்து போடுகிறவர், அவருக்கு அது முக்கியம். விவசாயிக்கு ஏக்கர் கணக்கு. இரண்டு பேரும் அவரவர் அளவுகோலில் சரியாகவே பேசுகிறார்கள். கசாயத்துக்கு நேராக இலை விற்கிறவர் உரத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பது நியாயம். சாறு எடுக்கும் ஆலைக்குப் போகிறது என்றால் ஆலை எதற்குக் காசு கொடுக்கிறது என்று கேளுங்கள், எடைக்கா, சத்துச் சதவீதத்துக்கா? ஒப்பந்தத் தாளில் அந்த ஒரு வரியைப் படிக்காமல் உரம் வாங்கப் போக வேண்டாம்.

வெட்டிவேருக்கு?

குறைவாக. கடலூர் கரையோர மணலில் வெட்டிவேர் நன்றாக வருவதற்கு முக்கியக் காரணம், வேர் தடையின்றி இறங்குகிறது, அறுந்துபோகாமல் பிடுங்க முடிகிறது. தழைச்சத்து கூடினால் மேலே புல் மண்டும். விற்பது வேரை. மணலில் உரம் கீழே கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் இருப்பதையும் சிறு தவணைகளாகக் கொடுங்கள்.

ரசாயன உரம் போட்ட மூலிகை மருந்துக்கு ஆகாதா?

யூரியா போட்டதாலேயே ஆகாமல் போகாது. வேர் எடுப்பது நைட்ரேட், அம்மோனியம் வடிவத்தில்தான், அது சாணத்திலிருந்து வந்ததா மூட்டையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. கவலைப்பட வேண்டியது கன உலோகத்துக்கு. பாறைப் பாஸ்பேட்டில் காட்மியம் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும், ஆண்டுக்கணக்கில் போட்டால் மண்ணில் சேரும். நகரக் குப்பை உரத்திலும் சாக்கடைக் கசடிலும் காரீயம், காட்மியம் இன்னும் அதிகம் இருக்கலாம். உலர் மூலிகையில் காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கு இந்தச் சோதனையில்தான் திரும்பி வருகிறது.

உலோகம் நீராவியில் ஏறாது. ஆகவே வடித்த எண்ணெயில் அநேகமாக வராது, காயவைத்த இலையிலும் வேரிலும் அப்படியே நிற்கும். எண்ணெய்க்கு மட்டும் பயிர் செய்கிறவருக்கும் கசாயப் பொடிக்குப் பயிர் செய்கிறவருக்கும் எரு எங்கிருந்து வருகிறது என்ற விஷயத்தில் ஒரே கண்டிப்பு பொருந்தாது. மனிதக் கழிவை மூலிகைக்கு உரமாக்கவே கூடாது, கால்நடை எரு முழுக்க மக்கியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. பச்சைச் சாணத்தைத் துளசிக்கு ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

வீட்டுத் தொட்டியில் துளசி தளதளவென்று இருக்கிறது, வாசனையே இல்லை. ஏன்?

வெயில் போதவில்லை. அப்புறம், பூச்செடிக்கு வாங்கிய உரத்தை வாராவாரம் போடுகிறீர்கள். தொட்டியை மாடிக்கு ஏற்றுங்கள், உரத்தை இரண்டு மாதம் நிறுத்துங்கள், பூங்கதிரைக் கிள்ளிவிடுங்கள்.

என் வயலுக்கு எது சரியான அளவு என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில் மூன்று பட்டை பிரியுங்கள்: ஒன்றுக்கு எரு மட்டும், ஒன்றுக்குப் பரிந்துரையில் பாதி, ஒன்றுக்கு முழு அளவு. ஒரே நாள் காலையில் அறுங்கள். ஒவ்வொரு பட்டையின் பச்சை எடையையும் குறித்துவிட்டு, ஒரு கிலோவை எடுத்து நிழலில் நன்றாக உலர்த்தி மறுபடி எடை போடுங்கள், தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எண்ணெய் அளவைக் கிளெவெஞ்சர் கருவி உள்ள ஆய்வகத்தில் பார்க்கலாம். இலையைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து, ஏறும் ஆவியைக் குளிர்வித்து, மேலே மிதக்கும் எண்ணெயைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அளக்கும் எளிய கருவி. வேளாண் கல்லூரி, மருந்தியல் கல்லூரி பலவற்றில் இருக்கும். சிட்ரால், யூஜினால் பங்கு தெரிய வேண்டுமானால் எண்ணெயில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைச் சோதனை வேண்டும், செலவு கூடும். ஒரு அறுவடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மழைக்கால அறுவடைக்கும் கோடை அறுவடைக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் உர வித்தியாசத்தைவிடப் பெரிது.

வந்த எண்களை ஏக்கர் எண்ணெயாக மாற்றி, உரச் செலவோடு அறுப்புக் கூலி, வண்டி, விறகு மூன்றையும் கழித்துப் பாருங்கள். கலன் ஏற்றும் செலவு இலையின் டன்னுக்கு, வருமானம் எண்ணெயின் கிலோவுக்கு. அரை அளவு உரம் போட்ட பட்டையும் முழு அளவு பட்டையும் எண்ணெயில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், இலை குறைந்த பட்டைதான் லாபம்.

எண்ணெய் இறக்கிய பிறகு மிஞ்சும் புல்லை என்ன செய்வது?

வயலுக்கே திருப்புங்கள். எண்ணெயாக நீங்கள் விற்றது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். வேர் மண்ணிலிருந்து எடுத்த தழை, மணி, சாம்பல்சத்தில் பெரும்பகுதி கலனிலிருந்து இறக்கிய சக்கையிலேயே நிற்கிறது. அதை முழுவதும் அடுப்பில் எரித்தால் தழைச்சத்து புகையாகப் போய்விடும், சாம்பல்சத்து சாம்பலில் நிற்கும். அப்படி எரிக்க வேண்டியிருந்தால் அந்தச் சாம்பலையாவது பாத்திக்குக் கொண்டுவாருங்கள். மீதிச் சக்கையை வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் பரப்பலாம், களையும் அடங்கும். மக்கவைப்பதென்றால் சாணக்கரைசல் தெளித்து அடுக்கடுக்காகக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மாதம் ஒரு முறை கிளறிவிடுங்கள். மக்காத சக்கையை மண்ணில் புதைத்து உழுதுவிட்டால் அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், அடுத்த துளிர் மஞ்சளாக வரும். புல் விரல் பட்டதும் உதிரும் பதத்துக்கு வந்த பிறகு போடுங்கள்.